சபாபதி சாருக்கு ரூம் போட்ட கதை

ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஊரில் எது நல்ல லாட்ஜ் என்று தெரியாது. தெரிந்து வைத்திருந்தால், அவனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது நல்லது. இந்த எளிய உண்மை எனக்குப் புரிவதற்குள், "எங்க ஊர்தானே, ஒரு போன் போட்டா ரூம் ரெடி" என்று வாய் விட்டிருந்தேன். அதுவும் கவிதாவிடம்.

கவிதா இன்று என் மனைவி. அன்று கிண்டி ஆபீசில் பக்கத்து சீட். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த முடிவை அவள் அப்பாவிடம் யார் சொல்வது என்பதில்தான் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. அப்பா பெயர் சபாபதி. சர்க்காரில் கணக்கு அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். பார்க்கில் வாக்கிங் போகும் ரிடையர்டு நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு மலை ஏறுவார். அந்த மாதம் எங்கள் பக்கத்துப் பெருமுக்கல்லைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

பெருமுக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குக் கைத்தடியும் விசிலும் முழங்கால் உறையும் தேவையில்லை. ஆனால் இவர்கள் இமயமலைக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் உச்சிக் கோயிலைத் தொட்டுவிட வேண்டும், அதனால் முதல் நாளே பக்கத்தில் எங்காவது தங்க வேண்டும் என்பது திட்டம். சனி, ஞாயிறில் ரூம் வாடகை ஏறிவிடும் என்று செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

"இதான் உனக்கு சான்ஸ்" என்றாள் கவிதா. "ஆபீஸ்ல கூட வேலை செய்யறவன்னு மட்டும் சொல்லியிருக்கேன். நல்லா ரூம் போட்டுக் குடு. அப்பா திருப்தியா திரும்பி வந்தாருன்னா நானே பேச்ச எடுக்கறேன். சொதப்பினே, நம்ம கதை அவ்ளோதான்."

பிறகு சபாபதி சாரே போன் செய்து நிபந்தனைகளைச் சொன்னார். தரைத் தளமாக இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் (ஆறு பேருக்கும் சேர்த்து உருப்படியான முழங்கால் மூன்றோ நான்கோதான்). சாராய வாடை கூடாது. ஃபேன் ஓட வேண்டும், ஓடும்போது சத்தம் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், "கட்டுப்படியாகணும் தம்பி". இந்தக் கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் சொன்னார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து ரூம் தேடக் கிளம்பினேன். முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எவ்ளோ நேரத்துக்கு?" என்றார். "ஆறு பெரியவங்க, ஒரு ராத்திரி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது அந்த மாதிரி லாட்ஜ் இல்ல" என்றார். எந்த மாதிரி லாட்ஜ் இல்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட். அங்கே வாடகையைக் கேட்டதும், அதைச் சபாபதி சாரிடம் சொல்லும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். அந்தக் கற்பனையிலேயே கல்யாணம் நின்றுபோனது. வெல்கம் டிரிங்க் என்று கொடுத்த எலுமிச்சம்பழச் சாற்றை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

பைக்கை விரட்டிக்கொண்டு குயிலாப்பாளையம் வரைக்கும் போனேன். அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் அருமையான இடம், மரநிழல், வாடகையும் குறைவு. வெள்ளைக்கார அம்மா ஒருவர் நல்ல தமிழில் பேசினார். படுக்கை மூங்கில் பரண் மேலே. ஏணியில் ஏற வேண்டும். சரி, மலையேறுகிறவர்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு டாய்லெட்டைப் பார்க்கப் போனேன். வெஸ்டர்ன்தான். ஆனால் குழாய் இல்லை, பக்கத்தில் ஒரு வாளி நிறைய மரத்தூள் இருந்தது. "தண்ணி எங்கேங்க?" என்றேன். "தண்ணிக்குப் பதிலா அதான். போயிட்டு ரெண்டு கை அள்ளிப் போட்டா போதும், உரமாயிடும்" என்றார். கவர்ன்மெண்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய ஆறு பேரை மரத்தூளிடம் ஒப்படைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் பாத்தி உண்டு. வீட்டிலேயே தங்க வைக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது, அம்மா அதை வாசலிலேயே முறித்தாள்.

"நாளைக்குத் திரௌபதியம்மனுக்குக் காப்பு. உங்க அத்தைங்க மூணு பேரும் புள்ளகுட்டியோட வந்து எறங்கியாச்சு. நானே வெளியில படுக்கறதா இருக்கறேன். ரூமு வேணுமாம் ரூமு. காப்புன்னு ஒரு மாசமா போன்ல சொல்றேனே, காதுல வாங்குனியா நீ?"

வாங்கவில்லை. அம்மா போனில் பேசும்போது "சரிம்மா, சரிம்மா" என்று சொல்வதற்கு மட்டும் நான் வாயை உபயோகித்து வந்த காலம் அது.

அப்போதுதான் கோயில் பக்கத்துச் சமுதாயக்கூடம் ஞாபகம் வந்தது. புதிதாகக் கட்டியது. தரைத் தளம், டைல்ஸ், சத்தம் போடாத ஃபேன், குழாயோடு கூடிய வெஸ்டர்ன் டாய்லெட். வாடகையே கிடையாது. இதைவிடக் கட்டுப்படியாகிற இடம் இந்தியாவிலேயே இருக்க முடியாது. சாவி தர்மகர்த்தா முனுசாமி மாமாவிடம் இருந்தது.

"நாளையிலேர்ந்து கூடம் யாருக்கும் கெடையாதுப்பா" என்றார் அவர். "காப்பு கட்டிக்கினு தீ மிதிக்கறவங்க மட்டுந்தான் தங்கணும். தெரியாதா உனக்கு?"

தெரியும். திரௌபதியம்மன் கோயில் தெருவில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் முடிந்து கையில் கட்டிக்கொண்டால் தீமிதி முடிகிற வரைக்கும் விரதம். ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக்கூடாது. காலில் செருப்பு கூடாது. கடைசியில் நெருப்பில் இறங்கியே ஆக வேண்டும், மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. இவ்வளவும் தெரிந்தும் என் வாய் சொன்னது:

"அவங்களும் அதுக்குத்தான் மாமா வர்றாங்க. மெட்ராஸ்லேர்ந்து. ஆறு பேரு."

முனுசாமி மாமா அப்படியே கும்பிட்டுவிட்டார், என்னை அல்ல, கோயில் இருக்கிற திசையை. "தாயி எங்கெங்கேர்ந்து கூப்புடறா பாரு" என்று சாவியை என் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. காப்புக் கட்டுவதோ எட்டு மணிக்கு மேல். விடிவதற்குள் எழுந்து மலைக்குப் போக வேண்டிய பெரியவர்கள் ஏழரைக்கே படுத்துவிடுவார்கள். விடியற்காலை வேன் வந்ததும் ஏற்றி அனுப்பிவிட்டு, அவங்களுக்கு ஏதோ அவசரமாம் மாமா என்று சொல்லிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். சபாபதி சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஃபேனைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டாய்லெட்டில் தண்ணீரைத் திறந்து மூடினார். "எவ்ளோ?" என்றார். "ஃப்ரீ சார்" என்றேன். அந்த முகம் அப்படி மலர்ந்ததை அதற்கப்புறம் என் மகள் பிறந்த அன்றுதான் பார்த்தேன். தோளைத் தட்டி, "கெட்டிக்காரப் பையன்" என்றார். சொல்லி வைத்த மாதிரி ஏழரைக்கு ஆறு பேரும் படுத்துவிட்டார்கள். நான் கவிதாவுக்கு, "கல்யாணப் புடவை என்ன கலர்?" என்று மெசேஜ் அனுப்பினேன்.

நான் கணக்கில் சேர்க்காதது ஒன்றே ஒன்றுதான். கோயில் மைக் செட்டின் குழாய்கள் கட்டியிருந்தது அந்தக் கூடத்தின் மொட்டை மாடியில். எட்டு மணிக்கு அதில் பம்பை ஆரம்பித்தது பாருங்கள், ஃபேனே அதிர்ந்தது. நான் வீட்டில் ரெண்டாவது இட்லியில் இருந்தேன். கையைக் கழுவாமல் ஓடினேன்.

கோயில் வாசலில் காப்புக் கட்டிக்கொள்கிறவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். சபாபதி சாருக்கு ஒரு குணம். எங்கே வரிசையைப் பார்த்தாலும் போய் முதலில் நின்றுவிடுவார். பாங்க், ரேஷன், ஆஸ்பத்திரி, எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்வார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் விபூதி பூசி, பயபக்தியோடு வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார். பூசாரி மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற அவர் நண்பர்கள் கொஞ்சம் உஷார். பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்திருக்கிறார்கள்.

"எதுக்குங்க இந்தக் கயிறு?"

"தீ மிதிக்கத்தான்."

அந்த வினாடியில் ஐந்து பேருக்கும் அவரவர் வியாதி ஞாபகம் வந்தது. ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு பிரஷர், ஒருவருக்குக் காலில் வெரிகோஸ், ஒருவருக்குத் தலைசுற்றல். கடைசி ஆளுக்கு வியாதி எதுவும் மிச்சமில்லை. "எனக்கு வொய்ஃப் இருக்காங்க" என்றார்.

முனுசாமி மாமா மைக்கைப் பிடித்து, மெட்ராஸ் பக்தரின் பெருமையை ஊருக்குச் சொல்லி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்குமான விதிகளையும் வரிசையாகப் படித்தார். சபாபதி சார் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இங்க வா. என்ன சொல்லி இந்த எடத்த வாங்கின?"

சொன்னேன். வாய் குழறி, எச்சில் விழுங்கி, பாதி சொல்வதற்குள் பம்பைக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பூசாரிக்குப் பாவம் மனசு கேட்கவில்லை. "தெரியாம கட்டிக்கினீங்க. அம்மன்கிட்ட சொல்லிட்டு அவுத்துடலாங்க" என்றார்.

சபாபதி சார் கயிற்றை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "நானாத்தானே கைய நீட்டினேன். கட்டினது கட்டினதுதான்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். என் மணிக்கட்டைப் பிடித்துப் பூசாரியிடம் நீட்டி, "சாமி பேர்ல பொய் சொன்னது இந்தத் தம்பி. இவனுக்கும் ஒண்ணு கட்டுங்க" என்றார்.

(எனக்குத் தீ என்றால் பயம். இன்றைக்கும் கேஸ் அடுப்பை லைட்டரைத் தூரமாக நீட்டித்தான் பற்ற வைப்பேன். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருந்தும் தீமிதியைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.)

கவிதாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்கப்பாவ இம்ப்ரெஸ் பண்ணுன்னு சொன்னேன்டா. எரிக்கச் சொல்லல."

மறுநாள் ஐந்து பேரும் மலையேறிவிட்டு வந்து சாமான்களைக் கட்டினார்கள். வெறுங்காலோடு பாறையில் ஏறினால் வெள்ளிக்கிழமைக்குக் கால் மிச்சம் இருக்காது என்று சபாபதி சார் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்து, துக்க வீட்டில் விடைபெறுவதுபோல் போனார்கள். வேன் கிளம்பிய பிறகு கூடத்தில் தீமிதிக்காரர்கள் நடுவே அடுத்தடுத்த பாயில் அவரும் நானும்.

நான் ஆபீசுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி லீவு வாங்கினேன். (அம்மன் பெயரில் இரண்டாவது பொய். பழகிவிட்டது.) விடிந்ததும் அவர் உப்பளத்து வரப்பில் நடக்கக் கிளம்புவார். பாவம், வெறுங்கால். உப்புக் கல் குத்தக் குத்த, "பழகட்டும், பழகட்டும்" என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே நடப்பார். என் அப்பா உப்பு வாரிக்கொண்டிருப்பார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர் அவர். இவரோடு மட்டும் பாத்தியில் நின்று ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே இன்றுவரை சொல்லவில்லை. சாயங்காலம் படுத்துக்கொண்டு சபாபதி சார் என்னைக் கேள்வி கேட்பார். என்ன சம்பளம், லோன் இருக்கிறதா, குடிப்பாயா, சமைக்கத் தெரியுமா. ரிடையர்டு மனிதர், பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நானும் விவரமாகப் பதில் சொன்னேன். இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

வெள்ளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக ஒரு யோசனை வந்தது. ஸ்கூலில் செய்ததுதான். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வெங்காயத்தை எடுத்து வந்து அக்குளில் வைத்துக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினேன். காய்ச்சல் வந்தால் விட்டுவிடுவார்கள். பக்கத்துப் பாயில் சபாபதி சார் மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்பா, விரதத்துல வெங்காயம் சேக்கக்கூடாதுன்னு சொன்னாங்களே?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெங்காயத்தைக் கொண்டுபோய் வெளியே வீசிவிட்டு, மறுபடியும் குளித்துவிட்டு வந்து படுத்தேன்.

தீமிதி அன்று கவிதாவும் அவள் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். அவள் அம்மா கையில் ஒரு பை நிறையத் தீப்புண் மருந்து. கணவரைப் பார்த்ததும், "ஒரு ரூம் வாடகைக்குப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டார். யாரோ என்னவோ, வெயிலில் வந்திருக்கிறார்கள் என்று என் அம்மா அவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். கவிதா என்னைப் பார்த்த பார்வையில் அக்னி குண்டமே பரவாயில்லை என்று தோன்றியது.

சாயங்காலம் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றோம். கட்டை எரிந்து தணலாகி, அதை நீளமாகப் பரப்பி, மேலே படிந்த சாம்பலை முறத்தால் விசிறிவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம், தணலைத் தாண்டியதும் கால் வைப்பதற்குப் பால் ஊற்றிய சின்னப் பள்ளம். கரகம் முன்னால் போனது. வழிவழியாக முதலில் இறங்கும் முறைக்காரர்கள் போனார்கள். சபாபதி சார் பென்ஷன் வாங்கப் போகிறவர் மாதிரி அவசரமில்லாமல், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் பாலில் நின்றார். அவர் மனைவி மாருக்கு நேரே வைத்திருந்த மருந்துப் பை கீழே விழுந்தது.

அடுத்து நான். காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. அனல் முகத்தில் அடித்தது. "போப்பா, பின்னால ஆளு நிக்குது" என்றார் வேப்பிலையோடு நின்ற பூசாரி, பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற மாதிரி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. சின்ன வயதில் என்னோடு படித்தவன் ஒருவன் செல்போனை உயரே தூக்கிப் பிடித்திருந்தான். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. திரும்பினால் சபாபதி சார் முகத்தில் முழிக்க முடியாது, கவிதாவும் இல்லை என்று தெரிந்தும் திரும்பத்தான் பார்த்தேன்.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. பக்கத்தில் முனுசாமி மாமா மைக்கோடு நின்றதால் அது ஊருக்கே கேட்டது. அதுவரை என்னை வா, போ என்றே பேசி வந்தவர்.

"மாப்பிள்ளை! பயப்படாம வாங்க!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செல்போன் படத்தைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் தெரிந்துகொண்டேன். அதில் நான் வேட்டி பறக்க, "மாமா! மாமா! மாமா!" என்று அலறிக்கொண்டே ஓடுகிறேன். எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு வேகமாகத் தீ மிதித்ததில்லை என்கிறார்கள். நிற்கத் தெரியாமல் நேராகப் போய் அவர் மேல் மோத, இரண்டு பேரும் பாலில் உட்கார்ந்துவிட்டோம்.

கூட்டத்துக்குள்ளிருந்து என் அம்மா குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருக்குடா மாப்பிள்ளை?"

அம்மா பக்கத்தில் திரும்பி, தான் மோர் கொடுத்த பெண்ணைப் பார்த்தாள். கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

"எப்ப சார் தெரிஞ்சுது?" என்று பாலில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"ரெண்டாம் நாளே. நான் மாத்திரை போட்டேனான்னு என் பொண்ணு தெனம் உனக்கில்ல போன் பண்ணிக் கேக்குது? எங்கிட்ட போன் இல்லையா என்ன?" என்றார். அப்புறம் ஞாபகம் வந்தவராக, "உங்களுக்கு" என்று திருத்திக்கொண்டார்.

காலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. மோதியதில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். தை மாதம் கல்யாணம். இப்போதெல்லாம் வருஷா வருஷம் காப்புக்கு முதல் நாளே சபாபதி மாமா ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பெருமுக்கல்லில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

அந்தப் படம் எங்கள் இரண்டு குடும்பத்தின் வாட்ஸ்அப்பிலும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் எதற்குத் தயங்கினாலும், பச்சைத் தண்ணீரில் குளிக்க, பல் டாக்டரிடம் வாயைத் திறக்க, மானேஜரிடம் சம்பள உயர்வு கேட்க, வீட்டில் யாராவது ஒருவர், "மாப்பிள்ளை, பயப்படாம வாங்க" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். என் மகள் பேசக் கற்றுக்கொண்டதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

போன மாதம் மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மறுநாளே நடக்க வேண்டும் என்று பிசியோதெரபி பெண் வந்து, வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்தார். மாமா நின்றார். கால் எடுத்து வைக்கவில்லை. வரிசையில் முதலில் போய் நிற்கிற மனிதர், ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றியில் வியர்த்திருந்தது. கவிதா என்னைப் பார்த்தாள், அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் வாக்கரின் கால்களைப் பார்த்தேன்.

"என்ன பாத்துக்கினு நிக்கறீங்க மாப்பிள்ளை? சொல்லுங்க" என்றார் மாமா.

வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, "மாமா, பயப்படாம வாங்க" என்றேன்.

ஒவ்வொரு அடியாக வைத்து வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பிசியோதெரபி பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாத்தீங்களா? நான் கத்தல."